எங்கள் ஊருக்கு வந்த போலீஸ் ஸ்டேஷன்: ஐந்துக்கு மூன்றரை

ஓட்டலுக்கும் துணிக்கடைக்கும் ஸ்டார் போட்டு எழுதுகிறோம், நம் வரிப்பணத்தில் நடக்கிற ஸ்டேஷனுக்கு ஏன் எழுதக் கூடாது என்று ரொம்ப நாளாக எனக்கு ஒரு எண்ணம். பல்லடத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவில் ஒரு பேரூராட்சி, அதற்கு மேல் சொல்ல மாட்டேன். ஊர் பெயரைப் போட்டால் எனக்கு ஒன்றும் ஆகாது, ராத்திரி பாரா நிற்கிற பையனுக்குத்தான் மெமோ வரும். நான் மோட்டார் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறேன். கிணற்று மோட்டார், போர் மோட்டார், விசைத்தறி மோட்டார் எல்லாம் வரும், கூடவே ஊர்க்கதையும் வரும். கேபிள் திருட்டு நடந்தால் ஸ்டேஷனுக்கு முன்னால் என் கடைக்குத் தெரிந்துவிடும், ஏனென்றால் புது கேபிள் மீட்டர் என்ன விலை என்று கேட்டுத்தான் ஆள் முதலில் வருகிறார்.

மார்க்கை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பகல் நேர வேலைக்கும், ஆட்களை நடத்துகிற விதத்துக்கும் தாராளமாக நான்கு. ஆள் பலத்துக்கும் ராத்திரி நேரத்துக்கும் இரண்டரை, அதுவும் அந்தப் பையன்கள் முகத்துக்காக. எல்லாம் சேர்த்து மூன்றரை என்று வைத்துக்கொள்ளுங்கள், கணக்கு சரியாக வராது, பரவாயில்லை.

முன்னால் எப்படி இருந்தது என்று தெரியாவிட்டால் இந்த மூன்றரை ஏன் என்று புரியாது. எது நடந்தாலும் இருபது கிலோமீட்டர் தள்ளியிருக்கிற பழைய ஸ்டேஷனுக்குத்தான் போக வேண்டும். காலையில் ஒரு டவுன் பஸ், அதை விட்டால் மத்தியானம். அடிதடி, திருட்டு எல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், சாவுதான் கொடுமை. விஷம் குடித்தது, கிணற்றில் விழுந்தது, ரோட்டில் அடிபட்டது, எதுவானாலும் ஸ்டேஷனில் இருந்து ஆள் வந்து விசாரித்து எழுதி, ஜி.எச்.சுக்குக் காகிதம் கொடுத்தால்தான் போஸ்ட்மார்ட்டம் நடக்கும். அந்த ஆள் எங்காவது பந்தோபஸ்துக்குப் போயிருந்தால் பிணம் மார்ச்சுவரியில் கிடக்கும், ஒரம்பரை எல்லாம் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருக்கும், சொந்தக்காரன் ஒருவன் பைக்கை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஓடிக்கொண்டிருப்பான். இப்போது அது ஒரு மணி நேர வேலையாகிவிட்டது. இந்த ஒன்றுக்காகவே ஸ்டேஷன் வந்தது நல்லது என்பேன்.

ஸ்டேஷன் வந்த கதையும் லேசுப்பட்டதல்ல. ஒவ்வொரு எலெக்‌ஷனுக்கும் எல்லாக் கட்சிக்காரர்களிடமும் மனு கொடுத்து, வியாபாரிகள் சங்கம் நடையாய் நடந்து, கடைசியில் சட்டசபையில் போலீஸ் மானியக் கோரிக்கை நடக்கும்போது அறிவிப்பு வந்தது. அறிவிப்பு வந்ததும் வெடி போட்டார்கள். அப்புறம்தான் தெரிந்தது, அறிவிப்பு வேறு, அரசாணை வேறு, ஆள் வருவது வேறு என்று. உள்துறை அரசாணை போட வேண்டும், அதில் எத்தனை பணியிடம் என்று ஒப்புதல் ஆக வேண்டும், எந்தெந்த வருவாய் கிராமம் பழைய ஸ்டேஷனில் இருந்து பிரிந்து இங்கே வருகிறது என்று எல்லை வரைந்து அரசிதழில் வர வேண்டும், எந்த மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்குக் கீழே வரும் என்று தெரிய வேண்டும். எல்லை போடுவதில்தான் பெரிய நாயமே நடந்தது. வாய்க்காலுக்கு அக்கட்டு இருக்கிற இரண்டு கிராமத்துக்காரர்கள் நாங்கள் பழைய ஸ்டேஷனிலேயே இருந்துகொள்கிறோம் என்றார்கள், காரணம் கேட்டால் பஸ் வசதி என்றார்கள். உண்மையான காரணம் அங்கே அவர்களுக்கு ஆள் பழக்கம், ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

எல்லை பிரிந்தாலும் பழைய வழக்குகள் பழைய ஸ்டேஷனிலேயே நின்றுவிட்டன. அதனால் முதல் கொஞ்ச நாளைக்கு, "உங்க கேஸ் அங்கீங்க", "இல்லீங்க, கிராமம் இங்க வந்துருச்சுங்க" என்று இரண்டு ஸ்டேஷனுக்கும் நடுவில் ஆட்கள் பந்தாடப்பட்டார்கள். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்த புதுச் சட்டத்தில், எந்த எல்லையில் நடந்த குற்றமானாலும் எந்த ஸ்டேஷனிலும் புகாரைப் பதிய வேண்டும், எல்லையைக் காரணம் காட்டித் திருப்பி அனுப்பக் கூடாது என்று தெளிவாகவே எழுதியிருக்கிறது. ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்பது அதுதான். சட்டம் எழுதியிருப்பது சரி, ஆனால் பத்து மணி வெயிலில் வந்து நிற்கிற ஆளுக்கு அதை யார் சொல்வது.

டல்லாஸில் இருக்கிற என் மச்சினன் லீவுக்கு வந்திருந்தபோது ஸ்டேஷனைப் பார்த்துவிட்டு, "இவங்களுக்குச் சம்பளம் பேரூராட்சியா மச்சான் கொடுக்குது?" என்று கேட்டான். எனக்கு முதலில் கேள்வியே புரியவில்லை. அங்கே சின்ன ஊர்கூடத் தனக்கென்று போலீஸ் வைத்துக்கொள்ளுமாம். ஊர் கவுன்சில் உட்கார்ந்து பட்ஜெட் போட்டு, சீஃப்பை வேலைக்கு எடுத்து, காரும் துப்பாக்கியும் வாங்கிக் கொடுக்கும். அமெரிக்கா முழுக்க இப்படிச் சுமார் 18,000 போலீஸ் அமைப்புகள் இருக்கின்றன, உள்ளூர் துறைகளில் பாதிக்குக் கிட்ட பத்துப் பேருக்கும் குறைந்த ஆளோடு ஓடுபவை. கையில் காசு இல்லையென்றால் துறையைக் கலைத்துவிட்டு, பணம் கட்டி கவுன்ட்டி ஷெரிஃபிடம் காவலை வாங்கிக்கொள்கிற ஊர்களும் அங்கே உண்டு. இங்கே அந்தப் பேச்சுக்கே இடமில்லை. அரசியல் சட்டத்தில் போலீஸ் மாநிலப் பட்டியலில் இருக்கிறது, 1859-ல் வெள்ளைக்காரன் போட்ட மாவட்டப் போலீஸ் சட்டத்தின் அடுக்குதான் இன்னும் நிற்கிறது. ஸ்டேஷனுக்கு மேலே டி.எஸ்.பி., அவருக்கு மேலே எஸ்.பி., அப்புறம் கோயமுத்தூரில் மேற்கு மண்டல ஐ.ஜி. எங்கள் பேரூராட்சித் தலைவரால் ஒரு ஏட்டைக்கூட மாற்ற முடியாது. எங்கள் ஊர் கவுன்சில் கூட்டம் எப்படி நடக்கும் என்று பார்த்தவன் என்ற முறையில், அது நல்லதுக்குத்தான் என்று மச்சினனிடம் சொன்னேன். ஆனால் இதில் ஒரு பக்கம் இடிக்கிறது. ராத்திரிக்கு இன்னும் இரண்டு பேர் வேண்டும் என்றால் அதை முடிவு செய்கிற ஆள் ஊரில் யாருமே இல்லை, மனுதான் கொடுக்க வேண்டும்.

கட்டடம். முதலில் சந்தைப்பேட்டைப் பக்கம் ஒரு வாடகைக் கட்டடத்தில் நடந்தது, மாடியில் சீட்டுக் கம்பெனி. சீட்டுப் பணம் வரவில்லை என்று புகார் கொடுக்க வந்தவர், படியில் அந்தக் கம்பெனி மேனேஜரையே பார்த்து வணக்கம் வைத்துவிட்டுப் போனார் என்று ஒரு கதை ஓடியது, உண்மையா என்று தெரியாது, நம்பும்படி இருந்தது. இப்போது காவலர் வீட்டுவசதிக் கழகம் கட்டிக் கொடுத்த சொந்தக் கட்டடம். முகப்பில் சாய்தளம் இருக்கிறது, பெண்களுக்குத் தனிக் கழிப்பறை இருக்கிறது, உட்கார நாற்காலி இருக்கிறது. இதெல்லாம் பெரிய விஷயமா என்று கேட்பவர் பழைய ஸ்டேஷன் வாசலில் புளியமரத்தடியில் கால் கடுக்க நின்றதில்லை. கேமரா எல்லாப் பக்கமும் இருக்கிறது. எல்லா ஸ்டேஷனிலும் வாசல், லாக்கப், வராந்தா, வரவேற்பு என்று ஒரு மூலை விடாமல் கேமரா வைக்க வேண்டும், பதிவைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் 2020 டிசம்பரில் உத்தரவு போட்டது. சாத்தான்குளம் நடந்ததும் அதே வருடம்தான். அதற்கப்புறம் ஸ்டேஷனுக்குள் கால் வைக்கிற எல்லோரும் ஒரு தடவை தலையைத் தூக்கி மூலையைப் பார்க்கிறார்கள், நானும் பார்க்கிறேன். சிவப்பு லைட் எரிந்தால் கொஞ்சம் தைரியம்.

வரவேற்பில் இருக்கிற பெண் காவலரைப் பற்றி எழுதாமல் விட்டால் பாவம். நான் போயிருந்த ஒரு நாள், எனக்கு முன்னால் ஒரு வயதான அம்மா, முந்தானையில் ஆதார் கார்டை முடிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். "ஆடு காணோமுங் கண்ணு, ரண்டு வெள்ளாடு, ஒரு செம்மறிக் குட்டி." அந்தப் பெண் பேனாவை எடுத்துக்கொண்டே, "மேயறப்பங்களா, கட்டுத்தறியிலங்களா ஆத்தா?" என்று கேட்டார். "கட்டுத்தறியில. நாய்க்குக் கறியில என்னத்தயோ வெச்சுப் போட்டானுங்க, அது இன்னும் எந்திரிக்கல." "காதுல வெட்டு, கொம்புல சாயம், அடையாளம் ஏதாச்சும் இருக்குதுங்களா?" என்று வரிசையாகக் கேட்டு, மனுவைத் தானே எழுதி, படித்துக் காட்டி, கைநாட்டு வாங்கி, ரசீதைக் கையில் கொடுத்தார். அந்த அம்மா இடுப்பில் இருந்து சுருக்குப்பையை எடுத்ததும், "இதுக்குக் காசு இல்லீங் ஆத்தா, பஸ்ஸுக்கு வெச்சுக்கங்க" என்றார். ஆடு கிடைத்ததா என்று கேட்காதீர்கள், கிடைக்கவில்லை. ஆனால் வீட்டுக்கு இரண்டு தடவை ஆள் போய் விசாரித்தது, மாட்டுச் சந்தையிலும் போய்ப் பார்த்தார்கள். பழைய ஸ்டேஷனில் ஆடு காணோம் என்று சொன்னால் சிரிப்பார்கள்.

அந்த ரசீது விவகாரத்தை விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதிப் பேருக்கு இது தெரியாமல் ஏமாந்து போகிறார்கள். புகார் கொடுத்தால் கையில் வருவது பெரும்பாலும் சி.எஸ்.ஆர்., அதாவது மனு ரசீது. உங்கள் மனு வந்து சேர்ந்தது, விசாரிக்கிறோம் என்பதற்கு அது சாட்சி, அவ்வளவுதான். எஃப்.ஐ.ஆர். என்பது வழக்கே பதிவாகிவிட்டது என்பது, அதன் நகல் புகார் கொடுத்தவருக்கு இலவசமாகக் கொடுக்கப்பட வேண்டும். இன்சூரன்ஸ்காரன் கேட்பது எஃப்.ஐ.ஆர். நீங்கள் சி.எஸ்.ஆரைக் கொண்டுபோய் நீட்டினால் திருப்பி அனுப்பிவிடுவான். பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் 2013-லேயே சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. புதுச் சட்டத்தில் இதற்குள் ஒரு சந்து விட்டிருக்கிறார்கள். மூன்று வருடத்தில் இருந்து ஏழு வருடத்துக்குள் தண்டனை வருகிற குற்றம் என்றால், டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாளைக்குள் முதல்கட்ட விசாரணை செய்து பார்த்து முடிவெடுக்கலாம். சாதாரணத் திருட்டு அதற்குள்தான் வருகிறது. எங்கள் ஸ்டேஷன் இந்தச் சந்தில் நிறைய வண்டி ஓட்டுகிறது. எஃப்.ஐ.ஆர். எண்ணிக்கை ஏறினால் மேலே கேள்வி வரும், கண்டுபிடிக்காவிட்டால் மாதாந்திரக் கூட்டத்தில் எஸ்.பி. கேட்பார், அதனால் முடிந்தவரை ரசீதிலேயே ஓட்டுகிறார்கள் என்பது என் கணிப்பு.

கேபிள் திருட்டில் இது எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். எங்கள் தோட்டத்திலேயே நடந்தது. ஸ்டார்ட்டர் பெட்டியில் இருந்து போர் வரைக்கும் போகிற கேபிளை இரண்டு பக்கமும் வெட்டி உருவிவிட்டார்கள். அதை எங்கே கொண்டுபோகிறார்கள் என்பது ஊருக்கே தெரியும்: பள்ளத்துக்குள் இறங்கி, சீமைக்கருவேல மறைவில் போட்டு எரித்து, மேல் ரப்பர் உருகிப் போனதும் உள்ளே இருக்கிற செம்பை மட்டும் சுருட்டி பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிடுவார்கள். மறுநாள் போனால் மணலில் கறுப்பு வட்டம் இருக்கும், கிளறினால் உருகிய பிளாஸ்டிக் கட்டி கட்டியாக வரும், அந்த நாற்றம் இரண்டு நாளைக்குப் போகாது. திருடுகிறவனுக்குச் செம்பு எடைக்குக் கிடைப்பது கொஞ்சம்தான். தோட்டக்காரனுக்கு புதுக் கேபிள், மாட்டுகிற கூலி, அதற்குள் தண்ணீர் இல்லாமல் வாடுகிற தக்காளி என்று போய்க்கொண்டே இருக்கும்.

ஸ்டேஷனில் ரைட்டர் கேட்ட முதல் கேள்வி, "மதிப்பு எவ்வளவுங்க போடட்டும்?" சும்மா கேட்கிறார் என்று நினைத்து, பழைய கேபிள்தானே, மூவாயிரம் போடுங்க என்று சொல்லிவிடுகிற ஆட்கள் நிறைய. அங்கேதான் விஷயம் இருக்கிறது. பழைய ஐ.பி.சி.க்குப் பதிலாக அதே நாளில் வந்த புதுத் தண்டனைச் சட்டத்தில் ஐயாயிரம் ரூபாய்க்குக் கீழே போன திருட்டில், முதல் தடவை மாட்டியவன் பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால் தண்டனை சமூக சேவைதான், ஜெயில் இல்லை. நடைமுறைச் சட்டத்தின் அட்டவணையில் இந்த வகையை மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் போலீஸ் புலனாய்வு செய்ய முடியாத பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். சின்னப் பசிக்குத் திருடுகிறவனை ஜெயிலில் தள்ள வேண்டாம் என்ற நல்ல எண்ணம்தான், எனக்கும் அதில் மறுப்பில்லை. ஆனால் ஒரே கும்பல் பத்துத் தோட்டத்தில் தலைக்கு மூவாயிரம், நாலாயிரம் என்று உருவினால், ஒவ்வொன்றும் தனித்தனியாக ஐயாயிரத்துக்குக் கீழே நின்றுவிடுகிறது. எங்கள் ரைட்டர் நல்ல மனுசன், "பில் இருந்தா கொண்டாங்க, புதுசு வாங்கின விலை எழுதிக்கலாம்" என்று எனக்கே சொன்னார். கேபிள் வாங்கிய பில்லைப் பத்திரமாக வைத்திருங்கள், நான் கடையில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பழைய இரும்புக் கடைகளில் யார் செம்பு கொண்டுவந்து போட்டார்கள் என்று நோட்டு எழுதச் சொல்லி ஒரு எஸ்.ஐ. கட்டாயப்படுத்தினார், அந்த மூன்று மாதம் திருட்டு சுத்தமாக நின்றிருந்தது. அவர் மாற்றலாகிப் போனார், நோட்டும் போய்விட்டது. இதுதான் எங்கள் ஸ்டேஷனின் லட்சணம், நல்லது எல்லாம் ஆளோடு வருகிறது, ஆளோடு போய்விடுகிறது.

ஆள் என்றதும் ராத்திரிக்கு வருகிறேன். உள்ளே நுழைந்ததும் வலது பக்கச் சுவரில் ஒரு போர்டு இருக்கிறது, அனுமதிக்கப்பட்ட பலம் ஒரு கட்டத்தில், இருப்பது ஒரு கட்டத்தில். இரண்டுக்கும் நல்ல தூரம். அந்த இருப்பதிலும் ஒருவர் கோர்ட்டுக்கு, ஒருவர் சம்மன் கொடுக்க, ஒருவர் தபாலுக்கு, ஒருவர் எஸ்.பி. தனிப்பிரிவு, ஒருவர் கம்ப்யூட்டர், ஒருவர் பாரா, ஒருவர் மெடிக்கல் லீவு. இன்ஸ்பெக்டர் பக்கத்து ஸ்டேஷனையும் சேர்த்துப் பார்க்கிறார். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிற கூட்டம் எங்கள் ரோட்டில்தான் போகும், அந்த வாரம் ஸ்டேஷனில் கதவைத் திறந்து வைக்க ஒருவர், ரைட்டர் ஒருவர், அவ்வளவுதான். மந்திரி திருப்பூருக்கு வந்தாலும் இதே கதை. காவலர்களுக்கு வாரம் ஒரு நாள் ஓய்வு என்று 2021-ல் அரசாணை வந்தது. ஒரு காவலரிடம் கேட்டேன், "காகிதத்துல இருக்குதுங்ணா" என்றார். நாமும் ஞாயிற்றுக்கிழமை கடையைத் திறந்து வைத்துவிட்டு எரிச்சலில் வாடிக்கையாளரிடம் கத்துகிற ஆட்கள்தான், தொடர்ந்து ராத்திரி டியூட்டி பார்த்தவன் ஒரு வார்த்தை தடித்துப் பேசினால் எனக்குப் பெரிதாகக் கோபம் வருவதில்லை.

ஆனால் ராத்திரிதான் எங்களுக்குப் போலீஸ் வேண்டும். இந்தப் பக்கம் ஊர் என்பது ஊருக்குள் மட்டும் இல்லை, அவரவர் தோட்டத்துச் சாளையில் தனித்தனியாகத்தான் குடி. பிள்ளைகள் கோயமுத்தூரிலும் பெங்களூரிலும் இருக்க, வயதான அப்பனும் ஆத்தாளும் ஒரு நாயும் தோட்டத்தில். 2024 நவம்பரில் பல்லடம் பக்கம் சேமலைகவுண்டம்பாளையத்தில் ஒரே வீட்டில் மூன்று பேர், அடுத்த வருடம் சிவகிரி பக்கம் ஒரு வயதான தம்பதி, தோட்டத்து வீட்டிலேயே கொல்லப்பட்டார்கள். அதற்கப்புறம் எங்கள் அம்மாவே பொழுது சாய்ந்தால் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு உள்ளே உட்கார்ந்துவிடுகிறார், வாசலில் காற்றாடப் படுப்பதெல்லாம் நின்றுவிட்டது.

இதற்கு ஸ்டேஷன் செய்திருப்பது பட்டா புத்தகம். தனியாக இருக்கிற சாளைகளைக் கணக்கெடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன நோட்டை பிளாஸ்டிக் கவரில் போட்டுத் தொங்கவிட்டிருக்கிறார்கள். ரோந்து வருகிறவர் அதில் நேரம் போட்டுக் கையெழுத்து வைத்துவிட்டுப் போக வேண்டும். எங்கள் வீட்டில் தூணில் ஆணி அடித்து மாட்டியிருக்கிறது. அம்மாவுக்குப் படிக்கத் தெரியும், காலையில் எழுந்ததும் பால் கறப்பதற்கு முன்னால் அதைத்தான் எடுத்துப் பார்க்கிறார். "நேத்து ஒண்ணே முக்காலுக்கு வந்திருக்கறான்", "ரண்டு நாளா யாரும் வல்லை" என்று எனக்கு போன் போட்டுச் சொல்கிறார். புத்தகத்தைப் புரட்டினாலே ஸ்டேஷனின் நிலவரம் தெரிந்துவிடும். சாதாரண வாரத்தில் தினமும் கையெழுத்து இருக்கும், தைப்பூசம், எலெக்‌ஷன், தலைவர் வருகை வந்தால் பக்கம் வெள்ளையாக இருக்கும். ஒரு முறை மூன்று நாள் கையெழுத்தும் ஒரே பேனாவில், ஒரே சாய்வில், வரிசையாக இருந்தது. அம்மாவே கண்டுபிடித்து அந்தக் காவலரைப் பார்த்தபோது கேட்டுவிட்டார், "ஏஞ்சாமி, மூணு நாளும் ஒரே மூச்சுல வந்தியா?" பையன் தலையைச் சொறிந்துகொண்டே சிரித்தானாம், அப்புறம் அந்த மாதிரி நடக்கவில்லை.

ரோந்துக்கு வருவது பெரும்பாலும் ஒரு பைக், ஒரு ஆள், சில நாள் இரண்டு பேர். 2025 ஆகஸ்ட்டில் குடிமங்கலம் பக்கம் ஒரு தோட்டத்தில் தகராறு என்று தகவல் வந்து ராத்திரி போன சிறப்பு எஸ்.ஐ. ஒருவரை வெட்டிக் கொன்றுவிட்டார்கள். அதை நினைத்தால் நடு ராத்திரியில் நம் வீட்டுத் தூணில் கையெழுத்துப் போட ஒற்றை ஆளாக வருகிறவனை என்ன சொல்வது. நாய் குரைத்தால் விளக்கைப் போட்டு யார் என்று குரல் கொடுங்கள், அவர்களும் பதில் சொல்வார்கள், அந்த ஒரு பழக்கம் எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் வந்துவிட்டது.

100-க்குப் போட்டால் சென்னைக் கட்டுப்பாட்டு அறைக்குப் போய்த்தான் நமக்குத் திரும்பி வருகிறது. எடுக்கிறவர் மரியாதையாகத்தான் பேசுகிறார், ஆனால் வேலாங்காட்டுத் தோட்டம், மேக்கால சாளை என்றால் அவருக்கு என்ன தெரியும். தாலுகா, பஞ்சாயத்து, பக்கத்தில் இருக்கிற மில் அல்லது பெட்ரோல் பங்க் பெயர், இந்த மூன்றையும் ஒரு காகிதத்தில் எழுதி போன் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். ஸ்டேஷன் நம்பரையும் ரோந்து நம்பரையும் பட்டா புத்தக அட்டையிலேயே எழுதியிருக்கிறார்கள், அதில் நேராகப் போட்டால் சீக்கிரம் வருகிறார்கள். ஆன்லைனில் பணம் போய்விட்டது என்றால் ஸ்டேஷனுக்கு ஓடி நேரத்தை வீணாக்காதீர்கள், முதலில் 1930.

எனக்குப் பிடிக்காத ஒன்று உபயம். பேரிகார்டில் ஜவுளிக்கடை பெயர், சந்தை முக்கில் இருக்கிற கேமராவில் மில் பெயர், நாற்காலி முதுகில் ஃபைனான்ஸ் பெயர், தண்ணீர் மெஷினில் ஒரு ஜுவல்லரி பெயர். கோயில் டியூப்லைட்டில் உபயதாரர் பெயர் வெளிச்சத்தை மறைக்குமே, அந்த மாதிரி. அரசு கொடுக்கிற சில்லறைச் செலவுப் பணம் காகிதத்துக்கும் டீசலுக்கும் பத்தாது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஊர்க்காரர்கள் கேமரா வாங்கிக் கொடுத்ததால் செயின் அறுத்தவனைப் பிடித்ததும் உண்மைதான். ஆனால் அந்த மில்லில் கை போன தொழிலாளி புகார் கொடுக்க வந்து, அந்த மில் பெயர் போட்ட கேமராவுக்குக் கீழே, அந்த ஃபைனான்ஸ் பெயர் போட்ட நாற்காலியில் உட்கார வேண்டியிருக்கிறது. பெயரை அழித்துவிட்டாவது வாங்கிக்கொள்ளுங்கள் என்று இன்ஸ்பெக்டரிடம் நேராகவே சொன்னேன். சிரித்தார், அழிக்கவில்லை.

வடக்கத்திப் பசங்களை நடத்துவதில் முன்னேற்றம் உண்டு. 2023-ல் அவர்களை இங்கே அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோ பரவி, பசங்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு ரயிலேறிய சமயத்தில், திருப்பூர் போலீஸ் இந்தியில் எல்லாம் பேசித் தைரியம் சொன்னது நினைவிருக்கும். எங்கள் ஸ்டேஷனிலும் ஒருவர் உடைந்த இந்தியில் சமாளிக்கிறார். பெண்கள் விஷயத்தில்தான் குறை. அடித்தான், துரத்தினான் என்று வருகிற பெண்ணிடம் நன்றாகப் பேசுகிறார்கள், தண்ணீர் கொடுக்கிறார்கள், அப்புறம் மகளிர் ஸ்டேஷனுக்குப் போங்க என்று அனுப்பிவிடுகிறார்கள். அது பக்கத்து டவுனில். 1992-ல் சென்னையில் முதல் மகளிர் ஸ்டேஷன் வந்ததில் இருந்து நல்ல ஏற்பாடுதான், ஆனால் கையில் குழந்தையோடு கடைசி பஸ்ஸுக்கு ஓடுகிற பெண்ணுக்கு இங்கேயே மனு வாங்கி அனுப்பி வைத்தால் என்ன. வாரம் ஒரு நாளாவது மகளிர் எஸ்.ஐ. இங்கே வந்து உட்கார வேண்டும் என்று சங்கத்தில் மனு எழுதியிருக்கிறோம்.

வரப்புத் தகராறு, வண்டித்தடம், பங்காளி சொத்து, இதையெல்லாம் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். அது சிவில் கோர்ட் வேலை, போலீஸ் அதில் நாயம் பேசக் கூடாது. பேசச் சொல்லி இழுக்கிறவர்கள் நாம்தான். யாராவது ஒரு எஸ்.ஐ. மறுத்தால் "இந்த ஆள் ஒண்ணுக்கும் ஆகமாட்டான்" என்கிறோம், ஒத்துக்கொண்டால் அப்புறம் கட்டப்பஞ்சாயத்து என்கிறோம்.

போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆர்.சி., லைசென்ஸ், பள்ளிச் சான்றிதழ், பாஸ்போர்ட் தொலைந்தால் ஸ்டேஷனுக்கே போக வேண்டாம், தமிழ்நாடு போலீஸ் இணையதளத்தில் தொலைந்த ஆவணப் பகுதியில் போட்டால் அறிக்கை வீட்டிலேயே கிடைக்கும். நிலத்தின் மூலப்பத்திரம் தொலைந்தது என்றால் கதை வேறு, பேப்பரில் விளம்பரம், ஸ்டேஷன் சான்று என்று அலைய வேண்டும், பொறுமையோடு போங்கள். பாஸ்போர்ட்டுக்கு வீட்டுக்கு வந்து விசாரிக்கிற காவலருக்குக் கட்டணம் எதுவும் கிடையாது, டீ கொடுங்கள், போதும். மனுவை இரண்டு பிரதி கொண்டுபோய் ஒன்றில் சீல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எஃப்.ஐ.ஆர். போட மறுத்தால் சண்டை போடாமல் அதே புகாரைத் தபாலில் எஸ்.பி.க்கு அனுப்பலாம், அல்லது புதன்கிழமை எஸ்.பி. ஆபீஸில் நேரில் கொடுக்கலாம், அதற்கும் மசியவில்லை என்றால் மாஜிஸ்திரேட் இருக்கிறார். வழக்குப் பதிந்திருந்தால் 90 நாளைக்குள் எதுவரைக்கும் வந்திருக்கிறது என்று அவர்களே உங்களுக்குச் சொல்ல வேண்டும், எனக்கு இதுவரைக்கும் நான் போய்க் கேட்டுத்தான் தெரிந்திருக்கிறது. சந்தை நாளில் போகாதீர்கள், எல்லோரும் டிராஃபிக்கில் நிற்பார்கள். காலை பத்து மணிக்கு மேல் ரைட்டர் நிச்சயம் இருப்பார். ஜெராக்ஸ் கடை ஸ்டேஷனுக்கு நேர் எதிரிலேயே வந்துவிட்டது, மத்தியானம் ஒன்றரைக்கு ஷட்டரை இறக்கினால் நான்கு மணிக்குத்தான் திறப்பார்.